தோல் ஆசனமும் தேங்காயெண்ணெயும்

மோட்டார் வண்டி உள்ள வீடுகளில் எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட ஆள் உண்டு. சில்லுகளுக்கும் பற்றறிக்கும் ஆள் உண்டு. உட்கார்ந்து செல்லும் ஆசனத்தை மட்டும் அது வெடிக்கும் வரையில் ஒருவரும் கவனிப்பதில்லை. கவனிக்கத் தொடங்கும் நாளிலோ, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர், “தோல் காய்ந்து போயிற்று, கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிவிடுங்கள்” என்பார். அடுத்த நிமிடம் குசினியிலிருந்து எண்ணெய்ப் போத்தல் வந்து சேரும். செருப்பு வாருக்கும் மாட்டின் கழுத்துப் பட்டைக்கும் எண்ணெய் பூசிப் பழகிய தலைமுறையினர் அவர். அவருடைய சொல்லில் அனுபவம் இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இன்றைய மோட்டார் வண்டியின் தோல் ஆசனத்துக்கு அது மருந்தாவதில்லை. பல சமயங்களில் அதுவே நோயாகிவிடுகின்றது.

இதனை இவ்வாரம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரையில் 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளிலும் உள்ள வண்டியையே பேணிக்கொள்வதன்றி வேறு வழி இருக்கவில்லை. இறக்குமதி தொடங்கிய பின்னரும் பழையதை விட்டுப் புதியதை வாங்குவது நடுத்தரக் குடும்பங்களுக்கு எளிதான காரியமன்று. இடையில் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. வாரக்கணக்கில் அசையாது நின்ற வண்டியின் கதவைத் திறந்தபோது, ஆசனத்தின்மேல் வெண்சாம்பல் தூவினாற்போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கக் கண்டு திடுக்கிட்டவர் பலர். அன்று அவசரத்திற் சலவைத் தூளும் எண்ணெயும் கொண்டு செய்த வைத்தியத்தின் பலனை, இன்று வெடிப்பாகவும் உரிவாகவும் காண்பவரும் உளர்.

தோல் என்பது யாது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். மாட்டின் பச்சைத் தோலை அப்படியே விட்டால் சில நாட்களில் அழுகிவிடும். காயவைத்தால் பலகைபோல் விறைத்துவிடும். நீரிலிட்டுக் காய்ச்சினால் பசையாகக் கரைந்துவிடும். அதிலுள்ள நுண்ணிய புரத நார்களை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாமலும் விறைக்காமலும் நிற்கச் செய்யும் வித்தைக்கே பதனிடுதல் என்று பெயர். தமிழ்நாட்டில் இவ்வித்தைக்கு நெடுங்காலமாக உதவிவந்தவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஆகும். நமது நாட்டின் வறண்ட பகுதிகளில் வீதியோரத்தில் மஞ்சட் பூப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். அதன் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நார்களைப் பற்றிக்கொள்கின்றது. கடுந்தேநீரைக் குடித்தபின் நாவு வறண்டு இறுகுவதுபோலத் தோன்றுகின்றதல்லவா? இரசாயனம் படிக்கும் மாணவர்கள் அதனை நினைவு கூர்ந்தால் போதும்; வாயில் நிகழ்வதும் பதனிடும் தொட்டியில் நிகழ்வதும் ஒரே இனத்தைச் சேர்ந்த செயல்களே. சென்னையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்ற தோல்கள் இவ்வாறு பதனிடப்பட்டவையே. அத்தொழிலின் முக்கியத்துவங் கருதியே 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்டது.

பட்டை கொண்டு பதனிடுதலுக்கு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காலம் செல்லும். 1884இல் அமெரிக்காவில் அகஸ்தஸ் சூல்ற்ஸ் என்பவர் குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறைக்கு உரிமம் பெற்றார். 1893இல் மாட்டின் டெனிஸ் என்பவர் அதனை எளிமைப்படுத்தினார். மாத வேலை நாள் வேலையாகச் சுருங்கிற்று. இன்று உலகிற் பதனிடப்படும் தோலின் பெரும்பகுதி குரோமியத் தோலே. மோட்டார் ஆசனங்களுக்குக் குரோமியம் சேராத வேறு சில முறைகளும் இப்போது வழக்கில் உள்ளன.

நமக்கு வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. பதனிட்ட தோல் மென்மையாக இருப்பதற்கு அதன் நார்களுக்கிடையே கொழுப்பு வேண்டும். அக்கொழுப்பைத் தொழிற்சாலையிலேயே, சுழலும் பெரிய மரப் பீப்பாய்களில், நீரோடு கலந்த எண்ணெயாகச் செலுத்திவிடுகின்றனர். அதன் பின்னர் தோலின் முகத்தில் நிறமும், அந்நிறத்தின்மேற் கண்ணாடி போன்ற ஒரு காப்புப் படலமும் பூசுகின்றனர். தாளினும் மெல்லிய அப்படலம் பிளாஸ்ரிக் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே, இன்று ஓடும் வண்டிகளில் உள்ள தோல் ஆசனத்தைத் தொடும்போது நாம் தொடுவது பெரும்பாலும் தோலையன்று. தோலின் மேலுள்ள பூச்சையே தொடுகிறோம். நாம் தடவும் எண்ணெய் அப்பூச்சைக் கடந்து உள்ளே செல்வதில்லை. தையல் துளைகளிலும் வெடிப்புகளிலும் மட்டும் சிறிது புகும். எஞ்சியது மேலே நின்று தூசியைப் பிடிக்கும். வெள்ளை வேட்டியிற் கறையாக ஒட்டும். நாட்பட்டாற் சிக்கு நாற்றம் வீசும். நல்லெண்ணெயோ காலப்போக்கிற் பிசினாகிவிடும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் இயல்புடையது. நுவரெலியாவில் அது போத்தலுக்குள்ளே கட்டியாக நிற்பதைக் கண்டவர்களுக்கு, காலை வேளையில் ஆசனத்தின் மடிப்புகளில் வெண்படலமாக நிற்பது வியப்பாயிராது.

இதனினும் தெளிவான சான்று ஒவ்வொரு வண்டியிலும் இருக்கிறது. தலை சாயும் இடத்தைப் பாருங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கமுள்ள நமது வீடுகளில், அவ்விடம் முதலிற் கறுத்து, பின்னர் பிசுபிசுத்து, ஈற்றில் நிறம் உரிந்து நிற்கும். வேறெங்கும் உரியாத ஆசனம் அங்கு மட்டும் உரிவதேன்? நாள்தோறும் சிறிது சிறிதாக ஏறிய எண்ணெய் காப்புப் படலத்தை இளக்கிவிட்டது என்பதே காரணம். “எண்ணெய் பூசினால் தோல் பிழைக்கும்” என்பது உண்மையானால், ஆசனத்திலே மிக நன்றாக இருக்க வேண்டிய இடம் அதுவாகவே இருந்திருக்கும்! அவ்விடத்தின்மேல் ஒரு பருத்தித் துவாயைப் போட்டு வாரம் ஒருமுறை தோய்ப்பது, கடையில் விற்கும் விலை உயர்ந்த குழம்புகள் பலவற்றினும் மேலான பாதுகாப்பு.

எதற்கும் முன்பாக நமது வண்டியில் இருப்பது தோல்தானா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இதிலே பணம் வீணாவதுபோல் வேறெதிலும் வீணாவதில்லை. நமது நாட்டில் ‘லெதர்’ என்று சொல்லித் தைத்துப் போடும் உறைகளிற் பல, துணியின்மேல் பிளாஸ்ரிக் பூசியவையே. ஆசனத்தின் அடிப்புறத்திலோ பின்புறத்திலோ வெட்டிய ஓரத்தை நோக்குங்கள். பின்பக்கம் மயிர்மயிராக, மான்தோல் போலச் சொரசொரத்திருந்தால் தோல். நெய்த துணியின் இழை தெரிந்தால் செயற்கை. ஒரே ஆசனத்தில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. உடல் படும் நடுப்பாகத்துக்கு மட்டும் தோலும், பக்கங்களுக்கும் முதுகுப்புறத்துக்கும் செயற்கையும் போடுவது மோட்டார்த் தொழிலிற் பழைய வழக்கம். 1948இல் வெளிவந்து நமது தெருக்களில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனரின் ‘டீ லக்ஸ்’ வகையிலேயே, 1960களின் நடுப்பகுதி வரையில் அவ்வாறுதான் இருந்தது. நம்மவர் வாயில் நிலைத்துவிட்ட ‘றெக்சின்’ என்ற சொல்லும் அக்காலத்துக்குரியதே. பருத்தித் துணியின்மேல் நைத்திரோசெலுலோசு பூசி இங்கிலாந்திற் செய்த ஒரு பொருளின் வியாபாரப் பெயர் அது. இன்று தோல்போல் தோன்றும் எதற்கும் பொதுப்பெயராகிவிட்டது.

செயற்கை உறையிலும் இரண்டு வகை உண்டு. ஒரு வகை தடித்த வினைல். அது நெடுநாள் உழைக்கும். சவர்க்கார நீர் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். மற்றையது பொலியுரேதேன் பூசிய மெல்லிய துணி. தோற்றத்தில் உண்மைத் தோலுக்கு மிக அண்மையானது. ஆனால் நமது காற்றிலுள்ள ஈரமே அப்பூச்சை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். சில ஆண்டுகளில் அது செதில்செதிலாக உதிர்ந்து உடையெல்லாம் ஒட்டும். வீட்டிலுள்ள சாய்மனை, கைப்பை, சப்பாத்து முதலியவற்றிலும் இதே காட்சியைப் பலர் கண்டிருப்பீர்கள். அவ்வாறு உதிரத் தொடங்கியபின் எந்த எண்ணெயும் எந்தக் குழம்பும் அதனைத் திரும்ப ஒட்டவைக்கமாட்டா. அதற்குச் செலவிடும் பணத்தைப் புதிய உறைக்குச் சேர்த்து வைப்பதே புத்தி.

தோல்தான் என்று தெரிந்தபின், அது பூச்சுள்ள தோலா, பூச்சற்ற தோலா என்பதையும் பாருங்கள். கண்ணிற் படாத ஓரிடத்தில் ஒரு துளி நீரை விட்டு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். துளி தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றால் பூச்சு உண்டு. தோலுக்குள் இறங்கி அவ்விடம் கறுத்தால் பூச்சில்லை, அல்லது தேய்ந்துவிட்டது. இரண்டாவது வகை மிக விலை உயர்ந்த வண்டிகளிலும், மிகப் பழைய வண்டிகளிலுமே காணப்படும். பின்வருவன பூச்சுள்ள சாதாரணத் தோலுக்கு உரியன.

சுத்தஞ் செய்வதற்கு வேண்டியவை மிகச் சில: வெள்ளைப் பருத்தித் துணி மூன்று, மென்மையான தூரிகை ஒன்று, கோப்பையில் நீர், குழந்தைகளின் தலைக்குப் போடுவது போன்ற மென்மையான திரவச் சவர்க்காரம் சிறிது. துணி ஏன் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதைப் பின்னர் சொல்வேன். வண்டியை நிழலில் விட்டு, எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள். முதலில் மடிப்புகளிலும் தையலோரங்களிலும் உள்ள மணலையும் பிசுக்கோத்துத் தூளையும் உறிஞ்சியினாலோ தூரிகையினாலோ நீக்கவேண்டும். இதனைச் செய்யாது ஈரத்துணி போட்டால், அம்மணலே அரத்தாளாக நின்று பூச்சை அராவிவிடும். யாழ்ப்பாணத்துச் செம்மண் தூசியும் மன்னார் மணலும் பழகியவர்களுக்கு இதை அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி சவர்க்காரம் போதும். துணியைத் தோய்த்து, இனிச் சொட்டாது என்னும் அளவுக்குப் பிழிந்து, ஆசனத்தின் ஒரு பகுதியை மட்டும் மெல்லத் துடையுங்கள். அழுக்கு ஊறிய இடமாயின் தூரிகையில் நுரையை மட்டும் எடுத்து வட்டமாகத் தேயுங்கள். இரண்டாந் துணியை வெறும் நீரில் நனைத்துப் பிழிந்து சவர்க்காரத்தை நீக்குங்கள். மூன்றாந் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பின்னர் அடுத்த பகுதி. வாளியோடு நீரை ஊற்றிக் கழுவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்நீர் தையல் வழியே பஞ்சுக்குள் இறங்கி மாதக்கணக்கில் நிற்கும்; பூஞ்சணத்துக்கு அதைவிடச் சிறந்த வீடு கிடையாது. இக்காலத்து வண்டிகளில் முன்னாசனத்தின் கீழே, ஆள் இருப்பதை உணரும் மின் கருவிகளும் இருக்கின்றன என்பதை மறக்கலாகாது.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கல்லில் ஊறும் வன்னீர் உடையவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, கறுப்பு ஆசனத்திலும் காய்ந்தபின் வெள்ளை வரையாகத் தெரியும். சவர்க்காரத்தோடு சேர்ந்தாற் பிசுக்காகவும் படியும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே நன்று. இல்லாவிடிற் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளித்தெடுத்த நீர் போதுமானது.

துணி துவைக்கும் சவர்க்காரத்தையும் சலவைத் தூளையும் ஏன் தவிர்க்க வேண்டும்? தோல் இயல்பாகச் சிறிது அமிலத் தன்மை உடையது. அவையோ காரத் தன்மை மிக்கவை. காரம் பதனிட்ட பிணைப்பையும் பூச்சையும் காலப்போக்கில் தளர்த்தும். வெளிற்றும் திரவம், அமோனியா, பெற்றோல், மண்ணெண்ணெய், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள்களைச் சிலர் தீங்கற்றவை என்று நம்பித் தினமும் பாவிக்கின்றனர். அவை குழந்தையின் தோலுக்காகச் செய்யப்பட்டவை. மாட்டுத் தோலின் மேலுள்ள பூச்சுக்காக அல்ல.

இனி, வெள்ளைத் துணியின் காரணம். துணியில் வருவது மண்ணிறமாகவோ சாம்பலாகவோ இருந்தால் அது அழுக்கு, தொடர்ந்து துடைக்கலாம். ஆசனத்தின் நிறமே வரத் தொடங்கினால், அது அழுக்கன்று, பூச்சு. அக்கணமே நிறுத்திவிட வேண்டும். இன்னுமொன்று: துடைத்தபின் ஆசனம் மினுங்காவிட்டால் வேலை சரியில்லை என்று எண்ணுவோர் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலான தோல் ஆசனங்களில் மினுக்கம் இருப்பதில்லை. பழைய ஆசனத்தில் நாம் மெச்சும் பளபளப்பு, வருடக்கணக்கிற் சேர்ந்த வியர்வையும் எண்ணெயுமே. அது நீங்கி ஆசனம் மங்கலாகத் தோன்றும்போதுதான் அது சுத்தமாயிற்று என்று கொள்ளவேண்டும். மாதம் இருமுறை ஈரத்துணியால் துடைத்து, மூன்று நான்கு மாதங்களுக்கொருமுறை மேற்சொன்னபடி முழுமையாகச் செய்தால் மிகையாகாது.

இப்போது பூஞ்சணத்துக்கு வருவோம். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 70 வீதத்துக்கு மேலாகத் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் முளைக்கும். கொழும்பிலும் தென்மேற்குக் கரையோரத்திலும் மலைநாட்டிலும் ஆண்டின் பெரும்பகுதி அவ்வாறே இருக்கின்றது. ஆகவே வித்து எங்கிருந்து வந்தது என்று தேடுவதிற் பயனில்லை. அது எப்போதும் காற்றில் இருக்கிறது. அதற்கு உணவு கொடுப்பது நாமே. சிந்திய பால், வியர்வை, பிசுக்கோத்துத் தூள், முன்னர் ஆசையோடு பூசிய எண்ணெய் ஆகிய எல்லாம் அதற்கு விருந்தாகும். தோலில் மட்டும் துடைத்துவிட்டுக் கால்விரிப்பின் அடியை நோக்காது விட்டால், இரண்டு வாரத்தில் அது மீண்டும் வரும். நனைந்த கால்விரிப்பும், அடைபட்ட குளிர்சாதன வடிகாற் குழாயும், ஒழுகும் கதவு ரப்பரும் பல வண்டிகளில் உண்மைக் காரணமாக இருக்கின்றன.

எனினும் வெள்ளையாகத் தோன்றுவதெல்லாம் பூஞ்சணமன்று. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு சில வேளைகளில் வெளியே கசிந்து வெண்பூப்போற் படிவதுண்டு. வேறுபாடு காண எளிய வழி ஒன்று இருக்கின்றது. தலைமயிர் உலர்த்தும் கருவியால் அவ்விடத்திற் சில வினாடிகள் இளஞ்சூட்டுக் காற்றைப் படவிடுங்கள். வெண்மை உருகி மறைந்தால் அது கொழுப்பு. துணியால் ஒற்றி எடுத்தாற் போதும். மறையாது அப்படியே நின்றால் பூஞ்சணம்.

பூஞ்சணமாயின், வாயையும் மூக்கையும் மறைத்துக்கொண்டே தொடங்குங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அவர்களை அவ்விடத்துக்கு அண்டவிடலாகாது. அதன் வித்துகள் நெஞ்சுக்கு ஆகாதவை. கதவுகளைத் திறந்து காற்றோட்டத்தில் வண்டியை நிறுத்தி, உலர்ந்த துணியால் மெல்ல ஒற்றியெடுத்து, அத்துணியை உடனே பொலித்தீன் பையிற் கட்டி எறிந்துவிடுங்கள். தட்டினால் வித்துகள் வண்டியெங்கும் பறக்கும். பின்னர் மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டையும் நீரையும் சம அளவிற் கலந்து, துணியை அதில் இலேசாக நனைத்துத் துடைக்க வேண்டும். மறைவான ஓரிடத்திற் பரீட்சித்து, நிறம் வரவில்லை என்று கண்டபின்னரே இதனைச் செய்யலாம். பூச்சற்ற தோலில் செய்யவே கூடாது. ஸ்பிரிட் தீப்பற்றும் பொருள் ஆதலால் அருகிலே சுருட்டோ சிகரட்டோ இருத்தலாகாது. மேலே சொன்னவாறு சவர்க்கார நீரால் துடைத்து முடித்து, கதவுகள் திறந்தபடி நிழலிலே பல மணி நேரம் உலரவிடுங்கள். வண்டியை நாட்கணக்கில் நிறுத்திவைக்க நேர்ந்தால், வாரம் ஒருமுறையேனும் உலர்ந்த வெயிற்பொழுதில் அரைமணி நேரம் கதவுகளைத் திறந்து வைப்பதைப்போல் இதற்கு வேறு காப்பில்லை. காசும் செலவில்லை.

உலரட்டும் என்று கொளுத்தும் வெயிலில் விடுவது அடுத்த தவறு. கண்ணாடிகளை மூடி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள், ஒரு மணி நேரத்தில் வெளியே உள்ளதைவிட ஏறத்தாழ 20 பாகை வெப்பம் ஏறிவிடும். வெயில் நேரே படும் ஆசனத்தின் மேற்பரப்பு அதனினும் சூடாகும். ஈரம் உள்ள தோல் அச்சூட்டிற் சுருங்கும், சுருங்கியது மீளாது. பழைய வண்டிகளின் பட்டைப் பதனீட்டுத் தோல் இதில் இன்னும் பலவீனமானது. நிழல் கிடையாத இடத்தில் ஆசனத்தின்மேல் ஒரு பழைய வெள்ளை விரிப்பைப் போட்டு வையுங்கள்.

கறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். புதிய நீலக் காற்சட்டையின் சாயம் வெளிர்நிற ஆசனத்தில் ஏறும். சில நாட்களுள் துடைத்தாற் போகும், விட்டாற் பூச்சுக்குள் இறங்கிவிடும். பேனா மையும் அவ்வாறே. அதனை ஸ்பிரிட்டால் அழுத்தித் தேய்த்தால், மையோடு ஆசனத்தின் நிறமும் வந்துவிடும். சிறு கோடாயின் விட்டுவிடுவதே மேல். பூச்சற்ற தோலில் எண்ணெய் சிந்தினால் நீரைத் தொடாது, முகத்துக்குப் பூசும் பவுடரையோ சோளமாவையோ தூவி ஓர் இரவு விட்டுத் தூரிகையால் நீக்குங்கள்.

இனி, தோலுக்குப் ‘போஷாக்கு’ அளித்தல் என்று விளம்பரங்கள் கூறும் விடயம். இங்கிலாந்தில் 1878இல் தொடங்கி, றோல்ஸ் றொய்ஸ், ஜகுவார் போன்ற வண்டிகளுக்குத் தோல் வழங்கிவந்த கொனலி என்ற நிறுவனம் இருந்தது; அதன் தோல் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டது. அது விற்ற குழம்பின் பெயர் ‘ஹைட் ஃபூட்’, அதாவது தோலின் உணவு. பூச்சு மெல்லியதாயிருந்த அக்காலத் தோலுக்கு அதனைத் தடவியதில் நியாயம் உண்டு. ஆனால் அப்பெயர் வண்டிக்காரர் மனத்தில் ஒரு நம்பிக்கையை வேரூன்றச் செய்துவிட்டது: தோல் பசித்திருக்கின்றது, ஊட்டினால் வாழும் என்பதே அந்நம்பிக்கை. உயிரற்ற தோலுக்குப் பசி ஏது?

எண்ணெய் பூசுவதையே பெரிய அளவிற் பரீட்சித்துப் பார்த்தவர்கள் நூலகத்தாரே எனலாம். இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையின் பெயரால் வழங்கும் ஒரு தோற்பூச்சு உண்டு. கம்பளிக் கொழுப்பும், தேன்மெழுகும், சீடர் மர எண்ணெயும் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதனையும் அது போன்றவற்றையும் பழைய நூல்களின் தோலட்டைகளுக்கு நூலகங்கள் பக்தியோடு தடவிவந்தன. காலஞ் செல்லச் செல்ல அட்டைகள் கறுத்தன, பிசுபிசுத்தன, தூசியைப் பிடித்தன, எண்ணெய் இறுகிய இடங்களில் முன்னிலும் விறைத்தன. இன்று நூற் பாதுகாப்பாளர் பெரும்பாலோர் அவ்வழக்கத்தைக் கைவிட்டுவிட்டனர். ஈரப்பதனைச் சீராக வைத்துத் தூசி படாமற் காப்பதே போதும் என்கின்றனர்.

ஆகவே பூச்சுள்ள ஆசனத்துக்கு எண்ணெய்க் குழம்பு வேண்டியதேயில்லை. விரும்பினால், நீரை அடிப்படையாகக் கொண்ட காப்புப் பூச்சை ஆண்டுக்கு இருமுறை பாவிக்கலாம். அது தோலை வளர்ப்பதற்காக அன்று. மேற்பூச்சு உராய்ந்து தேயாமலிருப்பதற்காக. பூச்சற்ற அல்லது பூச்சுத் தேய்ந்த பழைய தோலுக்கு மட்டும், தோலுக்கென்றே செய்த மென்குழம்பு சிறிது தேவைப்படும். ஓர் ஆசனத்துக்கு ஒரு பெரிய நாணயத்தின் அளவு போதும். முதலிற் சுத்தஞ் செய்து முற்றாக உலரவிட்டு, அதன் பின்னரே துணியில் எடுத்து மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். அரைமணி நேரத்தின் பின் வேறொரு துணியால் நன்றாகத் துடைத்தெடுத்துவிடுங்கள். அழுக்கின்மேற் குழம்பைத் தடவுவது அழுக்கைப் பதனிடுவதாகும். காற்றுத் துளைகள் உள்ள ஆசனமாயின் குழம்பு துளையிற் போகாதவாறு துணியிலே மட்டும் எடுத்துத் தடவுங்கள்.

ஏற்கெனவே வெடித்த தோல் எதனாலும் கூடாது. அவ்வெடிப்பு பூச்சில் மட்டும் உள்ளதாயின், தோலுக்குரிய நிறப்பூச்சால் மறைக்க வல்ல தொழிலாளர் உளர். நார்வரை பிளந்துவிட்டால் அத்துண்டை மாற்றுவதே வழி. முழு ஆசனத்தையும் மாற்ற வேண்டியதில்லை. தையலைப் பிரித்து, பழுதடைந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி வைக்கச் சொல்லுங்கள். நல்ல உறைகாரர், வெளியே தெரியாத அடிமடிப்பிலிருந்து அதே தோலின் துண்டெடுத்து நிறம் பொருத்திப் பார்ப்பார். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய வண்டிகளை உடையவர்கள் இதில் விசேட அவதானமாயிருத்தல் வேண்டும். அறுபது ஆண்டு உழைத்த மூலத்தோலை ஒரு பிற்பகலிற் கழற்றி எறிந்துவிட்டு, ஐந்தாண்டில் உதிரும் உறையைப் போட்டுக்கொடுப்பவரும் உண்டு. கழற்றிய தோலை எப்படியும் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள். பின்னர் ஒட்டுப்போட உதவும்.

புதிய வண்டிக்கு மேலுறை தைப்பவர்கள், ஆசனத்தின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ளது என்ற சிறு சீட்டு இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால், அப்பக்கத்தை மூடித் தைக்கும் உறை விபத்தின்போது காற்றுப்பை விரிவதைத் தடுக்கக்கூடும். அதுபோலவே, ஆசனத்துக்கென்று எடுத்த குழம்பில் மீதியானதைச் சுக்கானுக்கும் கால்மிதிகளுக்கும் தடவும் பழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு. மினுக்கம் அழகாயிருக்கும், அவசரத்திற் பிரேக்கை அழுத்தும் கால் வழுக்கிவிடும். அவ்விரண்டையும் வெறும் ஈரத்துணியால் துடைத்து விடுங்கள்.